கலியமூர்த்தியின் நண்பராக நான் ஆஜரானது

ஒரு மனிதனுக்கு வேலை போவதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். குடித்துவிட்டு வந்திருக்கலாம், சிமெண்டு மூட்டையை வேலிக்கு வெளியே தள்ளியிருக்கலாம், மேஸ்திரி மேல் கை நீட்டியிருக்கலாம். என் சினேகிதன் கலியமூர்த்தி இதில் ஒன்றையும் செய்யவில்லை. அவனுக்கு வேலை போனது என் ஆங்கிலத்தால். எங்கள் வீட்டில் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். என் இரண்டாவது மருமகள், சம்பவம் நடந்தபோது பிறக்கவே இல்லாதவள், நான் சைக்கிள் பாரில் உட்கார்ந்து அழுததை நடித்தே காட்டுவாள். ஆனால் எல்லாரும் சிரிக்கிற இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் இருக்கிறது என்பதால் ஒரு தடவை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். நெய்வேலியில் டவுன்ஷிப் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. பிளாக் நம்பர் எழுதிய பலகை நட்டிருப்பார்கள், பலகைக்குப் பின்னால் வெறும் முந்திரிக்காடு இருக்கும். எல்லா ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்பதற்காக, ஒர்க்ஷாப் கட்டடங்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டைம்கீப்பராகச் சேர்த்துக்கொண்டார்கள். (கம்பெனியின் பெயர் வேண்டாம். அது மூட்டை கட்டிக்கொண்டு போய் வெகு காலமாகிவிட்டது.) காலையில் யார் வந்தார்கள், சாயங்காலம் யார் போனார்கள் என்று குறித்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். அதற்குத் தேவையான ஆங்கிலத்தை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். என்னிடமோ ஒரு மூட்டை இருந்தது.

அந்த மூட்டை, கும்பகோணத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த புத்தகம். இடது பக்கம் ஆங்கிலேயர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வாசகங்கள், வலது பக்கம் தமிழில் பொருள். நட்பு என்ற தலைப்பில் மட்டும் பல பக்கங்கள் இருந்தன. இப்போது யோசித்தால், அவற்றில் பாதிக்கு மேல் நண்பனைப் பற்றிய எச்சரிக்கைகள். எவனை நம்பக் கூடாது, எவனுக்குக் கைமாற்றுக் கொடுக்கக் கூடாது, எவன் அதிகமாகச் சிரித்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றே போகும். அந்த வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததால் எல்லாமே உயர்ந்த கருத்து என்று எடுத்துக்கொண்டு உருப்போட்டேன்.

உருப்போட்டதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. ஆபீசில் இருந்தவர்கள் என்னைக் கண்டதும் பைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். எழுந்து போக முடியாத வேலையில் இருந்தவன் கலியமூர்த்தி ஒருவன்தான். அவன் பம்ப் அட்டெண்டர். அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய பெரிய பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் சுரந்துகொண்டே இருக்கும். அதை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாயின் அடிவாயில் சேறு அடைக்கும்போதெல்லாம் இறங்கி எடுத்துவிட வேண்டும். ஆள் கொஞ்ச நேரம் நகர்ந்தாலும் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகிவிடும். ஆகவே அவன் நகர முடியாது. நான் போய் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்வேன்.

கலியமூர்த்தி பக்கத்துக் கிராமத்து ஆள். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அந்த நிலங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, கூலி வேலையும் கூடவே போனது. பம்ப் வேலை கிடைத்தபோது அவன் பெண்சாதி அஞ்சலை, ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாளாம். கான்ட்ராக்ட்தான், ஆனால் ஒழுங்காக வேலை பார்த்தால் என்றைக்காவது பர்மனென்ட் ஆகலாம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பர்மனென்ட் என்ற சொல்லை அவன் சாமி பேரைச் சொல்வது போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வான். என் வயதுதான். இருந்தாலும் என்னை சார் என்றும் வாங்க போங்க என்றும்தான் கூப்பிடுவான். நான் அவனை நீ என்பேன். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. நட்பைப் பற்றி இத்தனை வாசகம் தெரிந்தவனுக்கு!

அவன் பொறுமையாகக் கேட்பான், சில சமயம் சந்தேகமும் கேட்பான். வெயில் அடிக்கிற நல்ல நாளில் மட்டும் கூட இருந்துவிட்டு, மழை வந்தால் ஓடிப் போகிற நண்பனைப் பற்றி ஒரு வாசகம் உண்டு. அதற்கு நான் பொருள் சொன்னபோது கலியமூர்த்தி மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"மாத்தி எழுதிட்டாங்க போல சார். மழை பேஞ்சா எவனும் சிரிச்சிகினு கூட நிப்பான். சித்திர மாசத்து வெயில்ல கூட நிக்கறான் பாருங்க, அவன்தான சினேகிதன்."

வெள்ளைக்காரன் தேசத்தில் வெயில்தான் நல்ல நாள் என்று விளக்கினேன். பாவம் சார் அவங்க என்றான். அவனுக்கு ஆங்கிலத்தின் ஆழம் எட்டவில்லை என்று முடிவுகட்டினேன். நெய்வேலியில் கோடையைக் கழித்துவிட்டு வெயிலை நல்ல நாள் என்று ஒருவன் வாதாடினானே, அவனுக்குத்தான் எதுவும் எட்டவில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம், புதிதாக உருப்போட்ட ஒன்றைச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு பம்ப் கொட்டகைக்குக் கிளம்பினேன். பள்ளத்தின் ஓரம் புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்திருந்தது. கால் கட்டைவிரலில் சுருக்கென்றது. புல்லுக்குள் ஏதோ வளைந்து ஓடியது. நான் போட்ட கத்தலில், கொட்டகைக் கூரையில் ஒதுங்கியிருந்த காக்கைகள் மழையிலேயே பறந்து போய்விட்டன என்று கலியமூர்த்தி பிற்பாடு சொன்னான்.

அவன் ஓடி வந்தான். காலில் ரத்தம், பல் பட்ட அடையாளம். பாம்பை அவன் பார்க்கவில்லை, நானும் சரியாகப் பார்க்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து என் காலில் இறுக்கிக் கட்டினான். திரும்பி மோட்டாரை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கு மாற்று ஆள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கூப்பிடு தூரத்தில் ஒருவரும் இல்லை. மோட்டாரை நிறுத்தினால் பள்ளம் நிரம்பும், ஓடவிட்டால் கருகும். எதைச் செய்தாலும் கெடுதல் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சீக்கிரம் என்று சொன்னேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, என்னை என் சைக்கிளின் பாரில் உட்கார வைத்து மிதித்தான். மழை முகத்தில் அறைந்தது. நான் சாகப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாகிறவன் என்ன செய்வான், அம்மாவை நினைப்பான், கடவுளை நினைப்பான். நான் இக்கட்டான நேரத்தில் உதவுகிற நண்பனைப் பற்றிய வாசகத்தை, அந்தப் புத்தகத்தின் முதல் வாசகத்தை, ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். அழுதுகொண்டே அதற்குத் தமிழில் பொருளும் சொன்னேன். (இந்த இடத்தைத்தான் என் மருமகள் நடித்துக் காட்டுவாள்.) பேசாதிங்க சார், வெசம் ஏறிடும் என்று மட்டும் அவன் சொன்னான். அவன் மூச்சு வாங்குவது என் பிடரியில் பட்டது.

ரோட்டோரத்தில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. டாக்டர் போய்விட்டார், கம்பவுண்டர் இருந்தார். அவர் விளக்கைக் கொண்டுவந்து காலைப் பார்த்தார். கட்டை அவிழ்த்தார். தண்ணீர்ப் பாம்பு என்றார். விஷமில்லாதது, நாளைக்கு வலிகூட இருக்காது என்று டிங்சரைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அங்கே நின்ற இரண்டு நிமிஷத்தில் எனக்கு உண்டான அவமானத்தை, அந்தப் பாம்பு நிஜமாகவே விஷப் பாம்பாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தை, இன்றைக்கும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடிகிறது.

திரும்பும் வழியில் கலியமூர்த்தியிடம் கெஞ்சினேன். தண்ணீர்ப் பாம்புக்கு அழுதவன் என்று ஆபீசில் தெரிந்தால் நான் ஊரைவிட்டே போக வேண்டியதுதான், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றேன். சரிங்க சார் என்றான். இறக்கத்தில் சைக்கிளை வேகமாக விட்டான்.

போய்ச் சேர்ந்தபோது பள்ளம் குளமாக இருந்தது. ஒரு பக்கத்துக் கரை சரிந்து, அடித்து வைத்திருந்த பலகைகளையும் கம்பிகளையும் மூடியிருந்தது. மோட்டாரே தண்ணீருக்குள் போய்விட்டது. மாற்று ஆளும் சூப்பர்வைசரும் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக அவர்களிடம் போனான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றுவிட்டேன். எங்கே போயிருந்தாய் என்று சூப்பர்வைசர் கேட்பது கேட்டது. அவசர வேலையாகப் போய்விட்டேன் என்றான் அவன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அவனை வேலிக்குள் விடவில்லை. வேலை நேரத்தில் இடத்தை விட்டு ஓடியது, கம்பெனிக்கு நஷ்டம் உண்டாக்கியது என்று குற்றச்சாட்டு. விசாரணை நடக்கும் என்றும், அவன் விரும்பினால் கூட வேலை செய்கிறவர்களில் ஒருவரைத் தனக்கு நண்பராக வைத்துக்கொண்டு ஆஜராகலாம் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வக்கீல் வைத்துக்கொள்ள முடியாதவனுக்காகப் பேச ஒரு ஆள், அவ்வளவுதான். அது அப்போது எல்லா இடத்திலும் இருந்த வழக்கம். படித்துக் காட்டச் சொல்லி அவன் அந்தத் தாளை என்னிடம்தான் கொண்டுவந்தான். நண்பர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இத்தனை நாள் உருப்போட்டது எதற்கு என்று தெரிந்துவிட்டது.

நியாயமாக அந்த இடத்தில் உட்கார வேண்டியவர், எங்கள் கம்பெனியில் பிட்டர் வேலை பார்த்த தங்கவேலு. யூனியன் விவகாரங்களில் அடிபட்டவர், பல பேருக்காக விசாரணையில் உட்கார்ந்து பேசியவர். அவர் எங்களைத் தேடி வந்தார். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"இந்தாப்பா, நான் உள்ள ஒக்காந்துக்கிறேன். இவன் எங்க போனான்னு கண்ணால பாத்தவன் எவனாவது இருந்தா, அவன் வெளியில நிக்கட்டும். கூப்பிட்டா வந்து சொல்லட்டும். அது போதும்."

கலியமூர்த்தி தரையைப் பார்த்தான். வாக்குக் கொடுத்தவன், அவனாகச் சொல்ல மாட்டான். நான் சொல்லியிருக்கலாம். நான்தான் பார்த்தவன், என்னைத்தான் தூக்கிக்கொண்டு போனான் என்று ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாக நான், உங்களுக்குச் சிரமம் வேண்டாம், கலியமூர்த்திக்கு நானே நண்பராக இருக்கப் போகிறேன், விசாரணை அதிகாரி ஆங்கிலத்தில் கெட்டிக்காரராம் என்று சொன்னேன். என் திட்டம் இதுதான். முதலில் நட்பின் பெருமையை ஆங்கிலத்தில் விளக்குவது. கேட்பவர்கள் உருகி நிற்கும்போது, அந்த நண்பனைப் பாம்பு கடித்தது, அந்த நண்பன் நானே என்று முடிப்பது. அந்த உருக்கத்தில் எந்தப் பாம்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

தங்கவேலு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கலியமூர்த்தியிடம், உனக்குச் சம்மதமா என்றார்.

"சார் படிச்சவரு. அவரு பாத்துக்குவாருங்க" என்றான் கலியமூர்த்தி.

டிராப்ட்ஸ்மேனிடம் இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கை நீளம் அதிகம், விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. கலியமூர்த்தி வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தான். வேலிக்கு வெளியே அஞ்சலை நின்றாள். நிறைமாசம். உள்ளே போகும்போது அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் ஒரு பெரிய மனுஷனைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனேன்.

விசாரணை அதிகாரி கடலூரிலிருந்து வந்த வயதான வக்கீல். கம்பெனி தரப்பில் பேச ஒரு ஆபீசர். மூலையில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள ஒரு சுருக்கெழுத்துக்காரர். முதலில் சூப்பர்வைசர் சாட்சி சொன்னார். பிறகு மாற்று ஆள் சொன்னான். அவர்களை நான் குறுக்கே ஏதாவது கேட்க விரும்புகிறேனா என்று அதிகாரி கேட்டார். சுற்றுவட்டத்தில் வேறு ஆள் இருந்ததா, மாற்று ஆள் எப்போது வந்தான், இதையெல்லாம் கேட்டிருக்கலாம். நான் பேச்சுக்காகத் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

என் முறை வந்தது. எழுந்து நின்று ஆரம்பித்தேன். இக்கட்டில் உதவுகிறவனைப் பற்றிச் சொன்னேன். ஒரே மாதிரிச் சிறகுள்ள பறவைகள் ஒன்றாகப் பறப்பதைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அதை நான் உருக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வேகத்தில், பழைய நண்பனைப் பழைய ஒயினோடு ஒப்பிடுகிற வாசகத்தையும் எடுத்து வீசினேன். நாளாக நாளாக இரண்டுக்கும் சுவை கூடும் என்று விளக்கமும் கொடுத்தேன்.

கம்பெனி ஆபீசர் எழுந்தார். ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. குடித்தவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பரே மதுவைப் பற்றிப் பேச்செடுக்கிறார், ஆகவே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றார். அதிகாரி தலையசைத்தார். ஆபீசர் கலியமூர்த்தியின் பக்கம் திரும்பி, நீ குடிப்பதுண்டா என்று தமிழில் கேட்டார்.

கலியமூர்த்தி என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று சொல்லு என்பதாகத் தலையை ஆட்டினேன். பேச்சின் வேகத்தில் அது எந்தப் பக்கம் ஆடியதோ தெரியாது. அவன் பொய் சொல்லிப் பழகாதவன். நெற்றியில் வேறு திருநீறு.

"இப்ப இல்லிங்க. முன்னால, எங்க ஊரு கொல்லி மேட்டுல பனமரம் இருந்தப்ப, பொங்கலுக்குப் பொங்க இம்மாங் கள்ளு குடிக்கறதுதாங்க" என்று கையால் அளவு காட்டினான்.

சுருக்கெழுத்துக்காரரின் பென்சில் ஓடியது. குடிப்பழக்கம் உண்டு என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறார் என்று ஆபீசர் ஆங்கிலத்தில் சொன்னார், அதுவும் எழுதப்பட்டது. கலியமூர்த்தி என் பக்கம் குனிந்து, என்னா சார் எழுதிக்கறாங்க என்று மெதுவாகக் கேட்டான். அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

இனிமேல் தாமதிக்கக் கூடாது என்று ஆங்கிலத்தைக் கைவிட்டேன். தமிழில், தஞ்சாவூர் ஜில்லாத் தமிழில், கொட்டினேன். பாம்பு கடித்தது என்னைத்தான், என்னைத் தூக்கிக்கொண்டுதான் இவன் போனான், அது தண்ணீர்ப் பாம்பு, எனக்குத் தெரியாது, இவனுக்கும் தெரியாது, நான்தான் சீக்கிரம் என்றேன், நான்தான் வெளியே சொல்லாதே என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான் அவர். தமிழிலேயே சொன்னார்:

"தம்பி, நீ இவருக்கு நண்பரா வந்திருக்கே. நண்பர் சொல்றது வாதம். சாட்சி சொல்றதுதான் சாட்சியம். நீ சாட்சியா வந்திருந்தா, இந்த ஒரு விஷயத்துலயே முடிஞ்சிருக்கும்."

அப்படியானால் இப்போதே நான் நண்பர் வேலையை விட்டுவிடுகிறேன், சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கோட்டைக் கழற்றப் போனேன். (கோட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்று வரை தெரியவில்லை.) மற்ற சாட்சிகள் பேசியதையெல்லாம் உள்ளே உட்கார்ந்து கேட்டவர் சாட்சியாக முடியாது என்று ஆபீசர் ஆட்சேபித்தார். அதிகாரியும் ஆமாம் என்றார். வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். கம்பவுண்டர் என்றேன். அவர் பெயரை முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும், விசாரணை இன்றோடு முடிகிறது என்றார் ஆபீசர்.

அதிகாரி எழுந்திருக்கும்போது, உனக்கு நட்பு விஷயத்தில் இவ்வளவு தெரிந்திருக்கிறதே, இன்னொன்றும் இருக்கிறது என்று ஒரு ஆங்கில வாசகத்தைச் சொன்னார். பகைவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நண்பர்களிடமிருந்து நீ காப்பாற்று என்று ஒருவன் கடவுளிடம் வேண்டிக்கொள்வது போல அமைந்தது. அது என் புத்தகத்தில் இல்லை. அட்டையோடு கிழிந்து போன பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தோம். அஞ்சலை ஓடி வந்து, என்னா சொன்னாங்க என்று கேட்டாள்.

"சார் நல்லாத்தான் பேசினாரு. எனக்குத்தான் வெளங்கல. வா வூட்டுக்குப் போலாம்" என்றான் கலியமூர்த்தி.

என்னைத் திட்டச் சொல்லி அவனை எத்தனையோ தடவை மனசுக்குள் கேட்டிருக்கிறேன். அவன் அன்றைக்கு என்னை நாலு பேர் முன்னால் அடித்திருந்தால் நான் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த மாதத்துக்குள் வேலை நீக்க உத்தரவு வந்துவிட்டது. அதிகாரி பரிந்து எழுதியிருந்தாராம். அப்படியும் கம்பெனி கேட்கவில்லை. கலியமூர்த்தி குள்ளஞ்சாவடியில் லாரிக்குப் பலாப் பழமும் முந்திரி மூட்டையும் ஏற்றுகிற வேலைக்குப் போனான். அஞ்சலை முந்திரிக் கொட்டை உடைக்கப் போனாள். கொட்டைத் தோலில் கசிகிற எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் தோல் கறுத்து உரிந்தது. பிள்ளை பிறந்ததும் பார்க்கப் போனேன். அந்தக் கையால்தான் எனக்குக் காபித் தண்ணி கொடுத்தாள். நான் குடித்தேன்.

சில வருஷம் கழித்து, எங்கள் கம்பெனி போன பிறகு, அதில் வேலை பார்த்த பலருக்கு வேறு வேறு இடங்களில் நிரந்தர வேலை கிடைத்தது. தங்கவேலுவுக்குக் கிடைத்தது. பம்பில் கலியமூர்த்திக்கு மாற்றாக வந்தவனுக்குக் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. குவார்ட்டர்ஸ், தோட்டத்தோடு. கெட்ட பேர் எடுத்து நீக்கப்பட்டவன் கலியமூர்த்தி ஒருவன்தான், அவன் விண்ணப்பத்தை எவரும் வாங்கவில்லை. நான் பர்மனென்ட் ஆன அன்று என் வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. புத்தகத்தை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை, தண்ணீர்தான் கொஞ்சம் சீக்கிரம் காய்ந்தது.

நான் குள்ளஞ்சாவடிக்குப் போவதை நிறுத்தவில்லை. அவனும் வராதே என்று சொல்லவில்லை. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்போம். பேச்சு பெரும்பாலும் அவனுடையது. சார் என்பது எந்த வருஷத்திலோ அவனாகவே விட்டுப்போய், நீ வா போ என்று ஆகிவிட்டது. அது எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகு, ஒரு நாள் காலையில் அவன் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். வடலூருக்கு அந்தண்டை ஒரு சின்ன மனை வாங்குகிறானாம். முதுகு வளைந்து மூட்டை தூக்க முடியாமல் போவதற்குள் சொந்தமாக ஒரு கூரை போட்டுவிட வேண்டும் என்று அஞ்சலை பிடிவாதமாகச் சேர்த்த பணமாம். பத்திர ஆபீசுக்குக் கூட வர வேண்டும் என்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணும் பேச வேணாம். வந்து கையெழுத்தப் போடு, அது போதும்" என்றான்.

பத்திர ஆபீசில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அஞ்சலை புதுப்புடவை கட்டி வந்திருந்தாள். குமாஸ்தா என்னை நிமிர்ந்து பார்த்து, நீங்க அவருக்கு என்ன வேணும் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் நேராகக் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் கலியமூர்த்தி பதறிப்போய் முந்திக்கொண்டான்.

"சாட்சிங்க. அவரு வெறும் சாட்சிதாங்க."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விசாரணை நாளுக்குப் பிறகு என் முன்னால் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிப் போயிற்று. குமாஸ்தா இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வம்பு வந்தாலும், பையனைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விட்டாலும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரனோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை என்றாலும், நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் என் மனைவி வாசல் வரை வந்து கேட்பாள்: "நண்பராப் போறீங்களா, சாட்சியாப் போறீங்களா?" பிள்ளைகள் சிரிப்பார்கள், மருமகள்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சாட்சியாகத்தான் என்று சொன்னால்தான் வழி விடுவாள்.